ஆறுமணிக்குருவி வளவுக்குள் விழுந்து கிடந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வோர் ஆண்டும் மாரி தொடங்குகிற கையோடு பத்திரிகைகளின் பிராந்தியப் பக்கங்களில் ஒரே மாதிரியான படமொன்று வந்துவிடுகிறது. யாரோ ஒருவரின் கைக்குள் பல நிறங்களில் ஒரு சிறு பறவை. கண் பாதி மூடியிருக்கும், அலகு சற்றே திறந்திருக்கும். ‘வீட்டுக்குள் புகுந்த அபூர்வ வெளிநாட்டுப் பறவை’ என்று தலைப்பு. பார்க்க அயலெல்லாம் திரண்டு வந்ததாகச் செய்தி சொல்லும். அந்தப் பறவை பிழைத்ததா என்பதை மட்டும் சொல்லாது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இனி வரும் வாரங்களில் இந்தப் பறவை யாருடைய விறாந்தையிலாவது விழத்தான் போகிறது. அப்போது செய்ய வேண்டியவை மிகச் சில. செய்யக் கூடாதவைதான் அதிகம். அன்பினால் செய்யப்படும் காரியங்களே அதைக் கொல்கின்றன. எனவே இப்படியொரு படத்தைப் பிரசுரிக்கும்போது அதன் கீழே நான்கு வரியில் கையாளும் முறையையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். அந்த நான்கு வரிக்குத் தேவையான விவரங்களையும், ஏன் அப்படி என்ற காரணங்களையும் கீழே தருகிறோம்.

முதலில் பறவை எதுவென்று தெரிய வேண்டும். முதுகு பச்சை. நெஞ்சும் வயிறும் மங்கல் மஞ்சள் கலந்த தவிட்டு நிறம். கண்ணுக்கூடாக அகலமான கறுப்புப் பட்டி, அதன் மேலே வெள்ளைப் புருவம், தொண்டையும் வெள்ளை. தோளிலும் வாலுக்கு மேலேயும் பளிச்சென்ற நீலம். வாலடியில் இரத்தச் சிவப்பு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் கட்டை. இதுதான் ஆறுமணிக்குருவி. இந்தியப் பிட்டா என்றும் சொல்வார்கள். நிறை 47 முதல் 66 கிராம் வரை, ஏறத்தாழ ஒரு கோழிமுட்டையின் நிறை. நீலத்தையும் சிவப்பையும் கண்டு மீன்கொத்தி என்று எண்ணி மீன் துண்டு வைப்பவர்கள் உண்டு. மீன்கொத்திக்கு அலகு நீளம், கால் மிகக் குட்டை. ஆறுமணிக்குருவிக்குக் கால் நீளமாக, வெளிறிய ரோசா நிறத்தில் இருக்கும். அலகு தடிப்பாக, நடுத்தர நீளத்தில் இருக்கும். நிலத்தில் நின்று துள்ளித் துள்ளி இரை தேடும் பறவைக்கு ஏற்ற உடம்பு அது.

‘அபூர்வம்’ என்ற சொல்லைக் கைவிடும்படி கேட்கிறோம். உலக அளவில் அழிவு அபாயம் குறைந்த இனங்களில் ஒன்றாகவே இதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு பருவத்திலும் இலங்கையின் காடுகளுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் இது வருகிறது. உங்கள் வளவிலேயே ஆறு மாதம் இருந்துவிட்டுப் போயிருக்கலாம், கண்ணில் பட்டிராது. நிழல் விழுந்த தரையை விட்டு அது வெளியே வருவதில்லை. ஆள் அரவம் கேட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். சருகுக்கும் செடிக்கும் நடுவே அந்தப் பச்சை முதுகு தெரியாது. அபூர்வம் என்று எழுதினால் அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், நாலு பேருக்குக் காட்ட வேண்டும், கூட்டில் அடைத்து வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. கூட்டில் வைத்து நெல்லும் சோறும் போட்டு வளர்க்கக் கூடிய பறவையல்ல இது. இதற்கு வேண்டியது மண்புழு, கறையான், வண்டு, பூச்சிப்புழு, சிறு நத்தை. தானியம் கொத்துகிற அலகும் அல்ல, வயிறும் அல்ல.

சரி, அது ஏன் வீட்டுக்குள் விழுகிறது? இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவின் குன்றுக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் அங்கே மழை பெய்யும் மாதங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டெம்பர் கடைசியிலிருந்து தெற்கே இறங்கத் தொடங்குகிறது. நேபாளத்து அடிவாரத்திலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் அளந்தாலும் 2,000 கிலோமீற்றருக்கு மேல். அதில் கடலும் உண்டு. பகல் முழுவதும் நிலத்தில் நடமாடும் இந்தப் பறவை நெடுந்தூரம் பறப்பது இரவில். வானம் தெளிந்திருக்கும் வரை திசை தவறுவதில்லை. மழைமேகம் கவிந்துவிட்டால் இரவில் பயணிக்கும் பறவைகள் தாழ்ந்து பறக்க நேரிடும். அப்போது தரையிலுள்ள வெளிச்சங்கள் அவற்றைக் குழப்பி இழுத்துவிடும். எழுவான்கரையின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு துண்டு நிலம், அதில் வீட்டோடு வீடாக ஊர்கள், இரவிரவாக எரியும் விளக்குகள். இறக்கை சோர்ந்து கடற்கரையைத் தொட்ட பறவை இறங்குவதற்கு அங்கே காடு இல்லை. மாமர நிழலும் வாழைப்புதரும் விறாந்தை விளக்கும்தான் இருக்கின்றன.

ஆக, வந்து விழுகிற பறவை மூன்றில் ஒரு நிலையில் இருக்கும். வெறும் களைப்பு, அல்லது கண்ணாடியிலோ சுவரிலோ மோதிய மயக்கம், அல்லது பூனை கவ்விய காயம். மூன்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. இருட்டான, அமைதியான, காற்றோட்டமுள்ள பெட்டி.

இரவில் அது வீட்டுக்குள் வந்து சுற்றுகிறதென்றால், வேறெதற்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். தப்பி வந்த பறவை விசிறித் தகட்டில் அடிபட்டுச் சாகும். அடுத்தது உள் விளக்குகளை அணைப்பது. இருட்டில் அது எங்காவது அமர்ந்துவிடும். பிறகு கைவிளக்கின் மங்கிய வெளிச்சத்தில் பழைய மெல்லிய பருத்தித் துணியொன்றை, சாரமோ சேலைத் துண்டோ, மேலே மெதுவாகப் போட்டு எடுக்கலாம். பகலென்றால் திரைச்சீலைகளை மூடி, வெளியே திறக்கும் ஒரு கதவை மட்டும் வெளிச்சமாக விட்டு, எல்லாரும் அறையை விட்டு விலகினால் போதும். தடி கொண்டு துரத்த வேண்டாம். துரத்தினால் யன்னல் கண்ணாடியை நோக்கித்தான் பாயும்.

கையில் பிடிக்கும் முறை முக்கியம். பறவையின் முதுகு உங்கள் உள்ளங்கையில் பட, கழுத்து சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே வர, மற்ற விரல்கள் இறக்கைகளை மூடினாற்போல் தளர்வாக இருக்க வேண்டும். நெஞ்சை அமுக்கக் கூடாது. நமக்கு இருப்பதுபோல் மூச்சுக்கு உதவும் உதரவிதானம் பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்துதான் அதன் காற்றுப்பைகளுக்குள் காற்று போய் வருகிறது. பறந்துவிடுமோ என்று பயந்து குழந்தைகள் நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும்போது மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அது மூச்சுத் திணறிச் சாகிறது. படம் எடுக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்திலேயே இது நடந்துவிடலாம். காலைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது, மெல்லிய எலும்பு முறியும்.

பெட்டிக்குச் சப்பாத்துப் பெட்டி போதும். பறவையை உள்ளே வைக்குமுன்பே பக்கங்களில் பென்சில் பருமனில் பத்துப் பன்னிரண்டு துளை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும்போது துளையிட்டால் சத்தமும் குத்தும் அதைக் கலவரப்படுத்தும். அடியில் மடித்த பருத்தித் துணி அல்லது கடதாசி விரிக்க வேண்டும். நூல் கண்ணிகள் உள்ள துவாய் வேண்டாம், நகம் சிக்கும். மூடியை மூடி, நாய், பூனை, பிள்ளைகள் அணுகாத அறையில் வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், குளிரூட்டிய அறையிலும் வேண்டாம். நம் ஊரில் இன்னொரு ஆபத்து எறும்பு. அசையாமல் கிடக்கும் பறவையின் கண்ணையும் கால் இடுக்கையும் எறும்பு மொய்த்துவிடும். மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்து அதன்மேல் பெட்டியை வைத்தால் அந்தக் கவலை இல்லை.

தண்ணீர் பருக்காதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. களைத்துக் கிடப்பதைக் கண்டவுடன் அலகைப் பிரித்து ஒரு துளி விடத்தான் நம் கை போகிறது. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. மயக்கத்தில் உள்ள பறவை விழுங்குவதில்லை, விட்ட தண்ணீர் நேரே நுரையீரலுக்குள் இறங்கும். சீனித் தண்ணீர், குளுக்கோஸ், பால் எல்லாவற்றுக்கும் இதே விதி. நினைவு தெளிந்து நிமிர்ந்து நிற்கும் பறவைக்கு வேண்டுமென்றால் போத்தல் மூடியில் சிறிது தண்ணீரைப் பெட்டிக்குள் வைக்கலாம். அது தானாகக் குடிக்கட்டும்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு தடவை எட்டிப் பாருங்கள். இரு காலிலும் நிமிர்ந்து நின்று, இரு கண்ணும் திறந்து, உங்களைக் கண்டு ஒதுங்கினால் அது தயார். இல்லையேல் மூடிவிட்டு இன்னுமொரு மணித்தியாலம் விடுங்கள். அடிக்கடி திறந்து பார்ப்பது சிகிச்சையல்ல, ஒவ்வொரு தடவையும் அதன் இதயம் படபடத்து வலு குறைகிறது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு கிடைத்த பறவையை அன்றிரவு விடாமல், மறுநாள் விடியும் வெளிச்சத்தில் விடுவது நல்லது.

விடுகிற முறையிலும் தவறு நடக்கிறது. கைதட்டலுக்கு நடுவே வானத்தை நோக்கி எறிகிறார்கள். மோதி மயங்கி எழுந்த பறவைக்கு அந்தக் கணத்தில் இறக்கை விரியாவிட்டால் கல்லாக விழும். ஆறுமணிக்குருவி நிலத்துப் பறவை. விழுந்த இடத்துக்கு அருகிலேயே செடி அடர்ந்த நிழலொன்றைத் தேடி, பெட்டியைத் தரையில் பக்கவாட்டாகச் சாய்த்து, மூடியைத் திறந்துவிட்டு ஐந்தாறு மீற்றர் பின்னால் போய்விடுங்கள். சில நேரம் உடனே பாயும், சில நேரம் பத்து நிமிடம் அப்படியே நிற்கும், பிறகு துள்ளிச் சருகுக்குள் மறையும். பறக்கவில்லையே என்று மீண்டும் பிடிக்க வேண்டாம். காட்டில் கொண்டுபோய் விடுகிறோம் என்று உன்னிச்சைக்கோ லகுகலவுக்கோ வண்டியில் ஏற்றிச் செல்லவும் தேவையில்லை. உங்கள் ஊர் வளவே அதற்குப் போதும்.

ஓர் இறக்கை தொங்கினாலோ, தலை ஒரு பக்கம் சரிந்தே இருந்தாலோ, அலகில் இரத்தம் தெரிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ பெட்டியோடு கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும், அல்லது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அருகிலுள்ள அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். பூனை கவ்விய பறவைக்கு இது கட்டாயம், காயம் தெரியாவிட்டாலும் கட்டாயம். பூனையின் பல் ஊசித்துளை போன்ற காயத்தைத்தான் விடும், இறகு அதை மறைத்துவிடும். ஆனால் பூனையின் எச்சிலிலுள்ள பற்றீரியா இரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். அன்றே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கிடைத்தால்தான் தப்பும். அரை நாளுக்கு மேல் வைத்திருக்க நேர்ந்தால், தெளிவாக நிற்கும் பறவைக்கு மட்டும் மண்புழுவைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஓர் இலையின்மேல் வைத்துவிடலாம். வாயில் திணிக்க வேண்டாம்.

எலிக்கு வைக்கும் ஒட்டுப் பலகைகளையும் இந்த மாதங்களில் வெளியே வைக்காதீர்கள். தரையில் துள்ளும் பறவை அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் இழுக்கக் கூடாது, இறகும் தோலும் கழன்று வரும். பலகையின் மீதிப் பசைமேல் மாவு தூவி மேலும் ஒட்டாமல் செய்துவிட்டு, ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தடவி விடுவித்து வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவும் கூடாது.

இனி யன்னல். புதிதாகக் கட்டப்படும் வீடுகளிலும் கடைகளிலும் விடுதிகளிலும் பெரிய பெரிய கண்ணாடி வந்துவிட்டது. எதிரே நிற்கும் மாமரம் அதில் அப்படியே தெரிகிறது. தரைக்குச் சற்று மேலே, செடிகளுக்கு ஊடாக வேகமாகப் பறக்கும் ஆறுமணிக்குருவிக்கு அது இன்னொரு தோட்டம்தான். பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பறவை அந்தப் படத்தை விலக்கி, அதன் பக்கத்திலுள்ள வெறுங்கண்ணாடியில் மோதும். அடையாளங்கள் கண்ணாடி முழுவதும் இருக்க வேண்டும், இரண்டுக்கு இடையே 5 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே ஒட்டினால் வெளியிலுள்ள பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும். வெள்ளைப் பெயின்ரில் பெருவிரல் நகமளவு புள்ளிகள் வைக்கலாம். சவர்க்காரத்தால் கோடு இழுக்கலாம், ஆனால் மாரியில் ஒரு மழைக்குக் கழுவிப் போய்விடும். எங்கள் கரையோரத்துக்கு ஏற்ற வழி பழைய மீன்வலை. கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் இறுக்கமாகக் கட்டிவிட்டால் மோதுகிற பறவை வலையில் பட்டுத் திரும்பிவிடும். தளர்வாகத் தொங்கவிட்டால் சிக்கிக்கொள்ளும், அதனால் நான்கு மூலையும் இழுத்துக் கட்டுங்கள். சிறு கண் உள்ள வலையே வேண்டும். நுளம்பு வலை வெளிப்புறமாகப் பொருத்தப்பட்ட யன்னலில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒக்டோபர், நவம்பரில் மழை இரவுகளில் விறாந்தையின் வெளி விளக்கை அணைத்து வைப்பது செலவில்லாத உதவி.

விழுந்த பறவையைக் காப்பாற்றுவது ஒரு பக்கம். வந்து சேர்ந்த பறவை ஏப்ரல் வரை எதைத் தின்று இருக்கும் என்பதுதான் பெரிய விடயம். அதற்குத் தேவையானது சருகு. வேறு எதுவும் அதற்கு ஈடாகாது. ஆறுமணிக்குருவி இரை தேடுவதைக் கிட்ட நின்று பார்த்தால் ஏனென்று புரியும். காய்ந்த இலையொன்றின் ஓரத்தை அலகால் பிடித்துப் பக்கவாட்டில் எறியும். இரண்டு துள்ளல். தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நிற்கும், கட்டை வால் மட்டும் மெல்ல மேலும் கீழும் ஆடும். பிறகு ஈரமண்ணில் அலகை இறக்கி மண்புழுவை இழுத்தெடுக்கும். சருகு மூடிய மண் ஈரமாக இருக்கும். ஈரமிருந்தால்தான் புழு மேலே இருக்கும். நாளும் கூட்டிக் குவித்துத் தீ வைக்கும் வளவில் மண் வெயிலில் இறுகிப்போகிறது, புழு ஆழத்துக்குப் போய்விடுகிறது, மாசி பங்குனி வெயிலில் அங்கே பறவைக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு பறவையும் தனக்கென ஓர் இடத்தை வகுத்துக்கொண்டு மற்றதை அண்டவிடாமல் காத்துத்தான் இந்த மாதங்களைக் கழிக்கிறது. அந்த இடம் கைவிட்டுப் போனால், அடுத்த வளவில் ஏற்கனவே இன்னொன்று இருக்கும்.

வளவு முழுவதையும் காடாக விடச் சொல்லவில்லை. பின்பக்கத்தில், மா, பலா, கஜு ஏதாவது ஒரு பெருமரத்தின் கீழ், நான்கு பாகச் சதுரமளவு (பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்) இடம் போதும். நான்கு விரல் தடிப்புக்குச் சருகு கிடக்கட்டும். வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து மீற்றராவது தள்ளியிருந்தால் பாம்புப் பயமும் குறையும். புடையன் சருகுக்குள் கிடக்கும் என்பது உண்மை. அதனால் அந்த இடத்துக்குள் வெறுங்காலோடு போகக் கூடாது, சருகைக் கையால் அள்ளக் கூடாது. வெள்ளம் நிற்கும் பள்ளத்தை இதற்குத் தெரிவு செய்யாதீர்கள். புழு மூழ்கிச் சாகும், சருகும் அழுகி நாறும்.

டெங்கு இருக்கும்போது சருகை விடச் சொல்கிறீர்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிடுவது தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்கும் பாத்திரங்களின் உட்சுவரில். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். தட்டையாகப் படிந்து கிடக்கும் மாவிலைச் சருகில் தண்ணீர் நிற்பதில்லை, மண்ணுக்குள் இறங்கிவிடும். தண்ணீர் நிற்பது அந்தச் சருகோடு கலந்து கிடக்கும் சிரட்டையில், யோகட் கோப்பையில், பொலித்தீன் பையில், குரும்பைக் கோதில், தென்னை கமுகு மரங்களின் உதிர்ந்த பாளையில். ஈரப்பலா, தேக்கு போன்ற பெரிய இலைகள் காய்ந்து குழிந்து கிண்ணம்போல் கிடந்தால் அவற்றிலும் நிற்கும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் அந்த இடத்தை ஒரு தடியால் கிளறி, பாத்திரமாகக் கூடியவற்றையெல்லாம் பொறுக்கி எடுத்து, பெரிய இலைகளை மிதித்து நொறுக்கிவிடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அந்த இடத்தைத் தாராளமாகக் காட்டலாம். வளவைக் கழுவித் துடைத்துவிட்டுக் கூரைப் பீலியையும் பூச்சாடித் தட்டையும் மறந்துவிடும் வீடுகளில்தான் நுளம்பு பெருகுகிறது. சருகோடு சேர்த்துப் பிளாஸ்ரிக்கையும் கொளுத்துவதால் வரும் புகை யாருக்கு நல்லது?

பார்க்க விரும்புவோர்க்கு ஒரு வார்த்தை. இதைக் காண்பதற்கு முன் கேட்கத்தான் முடியும். காலையில் சூரியன் எழும் வேளையிலும் மாலை மம்மலிலும், ஏறத்தாழ ஆறு மணியை ஒட்டி, தெளிவான இரண்டு சுரச் சீழ்க்கை. முதலாவது மேலே ஏறும், இரண்டாவது இறங்கும். தலையைப் பின்னே சாய்த்து அலகை நிமிர்த்திக் கூவும். ஒன்று தொடங்க, அடுத்த வளவிலுள்ளது பதில் கொடுக்கும். மப்பும் மந்தாரமுமான நாட்களில் பகலிலும் கூவுவதுண்டு. கூவல் வந்த திசையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மேலே பாராமல் தரையைப் பாருங்கள். அசையும் சருகையும் வெள்ளைத் தொண்டையையும் தேடுங்கள். தொலைபேசியில் பதிந்த கூவலை ஒலிக்க விட்டு அழைக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. அதைச் செய்யாதீர்கள். தன் இடத்துக்குள் இன்னொன்று புகுந்துவிட்டதென்று எண்ணி, இரை தேட வேண்டிய நேரத்தை எதிரியைத் தேடிக் கழிக்கும். பயணத்தால் கொழுப்புக் கரைந்த உடம்புக்கு அது சின்ன இழப்பல்ல.

இந்தக் குடும்பத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லாமல் விட மனமில்லை. உலகில் நாற்பதுக்கு மேற்பட்ட பிட்டா இனங்கள் உண்டு. முன்பு எல்லாவற்றையும் பிட்டா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள், இப்போது பிட்டா, எரித்ரோபிட்டா, ஹைட்ரோர்னிஸ் என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பகுதி தென்கிழக்காசியாவின் மழைக்காடுகளில். ஆபிரிக்காவில் இரண்டு, அவுஸ்திரேலியாவிலும் சில. எல்லாமே நிறத்தில் ஒன்றை ஒன்று விஞ்சும், எல்லாமே நிழலை விட்டு வராது. அவுஸ்திரேலியாவின் ஓரினம் நத்தையைக் கவ்விக்கொண்டுபோய் வழக்கமான ஒரு கல்லிலோ வேரிலோ அடித்து உடைத்துத் தின்னும். அங்கேயே இன்னோரினம் தன் கூட்டு வாசலில் வலபி என்ற சிறு கங்காருவின் சாணத்தைப் பரப்பி வைக்கும். தாய்லாந்திலும் மியன்மாரிலும் அறியப்பட்ட கர்னியின் பிட்டாவை 1952இற்குப் பிறகு யாரும் காணாமல் அழிந்ததென்றே எண்ணியிருந்து, 1986இல் தெற்குத் தாய்லாந்தில் மறுபடி கண்டார்கள். தாழ்நிலக் காட்டை வெட்டி இறப்பரும் எண்ணெய்ப்பனையும் நட்டதே அதற்கு நேர்ந்த கதி. காட்டை விட்டால் வேறிடம் இல்லாத இனம் அது. இலங்கைக்கு வரும் ஒரேயொரு பிட்டாவான நம் ஆறுமணிக்குருவிக்கோ ஆறு மாதத்துக்கு ஒரு மாமரமும் அதன் சருகும் கிடைத்தால் ஒப்பேற்றிக்கொள்ளும். பல நாடுகளில் பணம் செலவழித்துக் காட்டுக்குள் போய் நாட்கணக்காகக் காத்திருந்து பார்க்கும் ஒரு குடும்பத்துப் பறவை கொக்கட்டிச்சோலையிலும் சம்மாந்துறையிலும் கிணற்றடி வாழைக்குள் நிற்கிறது என்பதை எங்கள் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பிடித்து வைத்திருப்பது குற்றமும் ஆகும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இது பாதுகாக்கப்பட்ட பறவை. மயங்கிய பறவையைச் சில மணித்தியாலம் பெட்டியில் வைத்து விடுவிப்பது வேறு, கூட்டில் அடைத்து வீட்டில் வைப்பது வேறு.

கடைசியாக ஒன்று. விழுந்த பறவையின் காலில் எண் பொறித்த மெல்லிய உலோக வளையம் இருந்தால், எங்கோ ஓரிடத்தில் ஆய்வுக்காக இட்டது அது. உளவுப் பறவை என்று பயப்படவோ பொலிஸுக்கு ஓடவோ தேவையில்லை. உயிருள்ள பறவையிலிருந்து வளையத்தைக் கழற்ற வேண்டாம். எழுத்துகளும் எண்களும் முழுமையாகத் தெரியும்படி காலைத் திருப்பாமல் இரண்டு மூன்று கோணத்தில் படமெடுத்து, கிடைத்த ஊர், திகதி, நேரம், பறவையின் நிலை ஆகியவற்றைக் குறித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ அனுப்பிவையுங்கள். வளையத்தில் பம்பாய் என்ற பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அது இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இட்டது. அந்தச் செய்தியை அங்கே சேர்ப்பிக்கவும் அவர்கள் உதவுவார்கள்.

இங்ஙனம்,
பறவை அவதானிப்பில் ஈடுபடுவோர் சிலர்,
மட்டக்களப்பு, அம்பாறை.